இணையவழிப் பேச்சு ஆப் எழுதுகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு

கேள்வி இதுதான். காரைக்குடியில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டில் இருக்கும் அப்பத்தாவும் பினாங்கில் இருக்கும் சித்தப்பா குடும்பமும் பேசிக்கொள்ள ஓர் ஆப் எழுதுகிறார். மைக்கில் வரும் ஒலியை டிசிபி (எதுவும் தொலையாமல் வரிசையாகச் சேர்க்கும் இணைய நெறிமுறை) சாக்கெட்டில் அனுப்பி மறுமுனையில் ஸ்பீக்கரில் விடுகிறார். ஹாஸ்டல் வைஃபையில் நன்றாக வேலை செய்கிறது. பினாங்குக்குப் போட்டால் விட்டு விட்டுக் கேட்கிறது, பேசப் பேசத் தாமதம் கூடிக்கொண்டே போகிறது, சித்தப்பாவுக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது. எந்த கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) போட்டால் சரியாகும், எங்கிருந்து தொடங்குவது என்கிறார்.

தம்பி, கோடெக் கேள்வியை இரண்டு வரியில் முடித்துவிடலாம், அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் மூன்று வேறு இடங்களிலிருந்து வருகின்றன, எதற்கும் கோடெக் காரணம் கிடையாது. இந்த வேலையில் முக்கால்வாசி நேரக் கணக்குதான். வாயிலிருந்து கிளம்பிய சொல் அடுத்தவர் காதில் விழ எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது, அதை வழியில் யார் யார் தின்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் எழுதும் ஒவ்வொரு வரி கோடும் குருட்டாம்போக்குதான்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குத் தொந்தரவு இல்லை என்கிறது, 400ஐத் தாண்டவே கூடாது என்கிறது. நடுவில் இருக்கும் பகுதியில்தான் மனிதர்கள் தடுமாறுவார்கள். இவர் பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்பார், அதே நேரத்தில் அவருடைய பதில் வந்து விழும், இருவரும் பேசுவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், அப்புறம் மறுபடி இருவரும் தொடங்குவார்கள். வயதானவர்கள் இப்படி நாலு முறை ஆனதும் போனைப் பேரனிடம் கொடுத்துவிடுவார்கள். ஒலித் தரம் கொஞ்சம் குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இதைப் பொறுப்பதில்லை. ஆகவே 150 என்பதை உங்கள் மொத்தக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோளாறு, விட்டு விட்டுக் கேட்பது. இதற்குக் காரணம் டிசிபி. ஒரு பாக்கெட் (ஒலியைத் துண்டாக்கி அனுப்பும் சிறு பொதி) வழியில் தொலைந்தால் டிசிபி அதை மறுபடி வரவழைக்கும், அது வந்து சேரும்வரை பின்னால் வந்த பாக்கெட்டுகள் பத்திரமாக வந்திருந்தாலும் உங்கள் ஆப்பிடம் கொடுக்காது. பந்தியில் ஓர் இலைக்கு ரசம் வரவில்லை என்று மொத்தப் பந்தியையும் நிறுத்தி வைப்பது மாதிரி. கோப்பு ஒன்றை இறக்குவதற்கு அது சரி, குரலுக்குச் சரிவராது, ஏனென்றால் அரை விநாடி கழித்து வரும் அந்த 20 மில்லிசெகண்ட் ஒலியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அது போனால் போகட்டும். இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1970களில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் குரலை அனுப்பிப் பார்த்த டேனி கோஹன் போன்றவர்கள் இதே வாதத்தை வைத்துத்தான் போராடினார்கள், அப்போது ஒன்றாக இருந்த டிசிபியையும், முகவரி பார்த்து பாக்கெட்டைக் கொண்டுபோகும் ஐபியையும் பிரித்ததற்கு அவர்களுடைய குரல் சோதனைகள் ஒரு முக்கியக் காரணம். 1980இல், தொலைந்ததை மறுபடி வரவழைக்காத யூடிபி வந்தது. உங்கள் குரல் அதில்தான் போக வேண்டும்.

யூடிபி வரிசையையும் கவனிக்காது, தொலைந்ததையும் சொல்லாது. அதனால் அதன் மேல் ஆர்டிபி என்ற மெல்லிய உறை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண்ணும் நேர முத்திரையும் இருக்கும், அவ்வளவுதான், பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் இந்தத் தலைப்பு மொத்தம் 12 பைட். 2003இல் வெளியான ஆர்எஃப்சி 3550 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இது முழுமையாக இருக்கிறது, அதை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள், பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் விநாடிக்கு 50. ஐபி தலைப்பு 20 பைட், யூடிபி 8, ஆர்டிபி 12, ஆகமொத்தம் 40. விநாடிக்கு 50 முறை என்றால் தலைப்புக்கு மட்டும் 16 கிலோபிட். குரலை 16 கிலோபிட்டில் சுருக்கினாலும் கம்பியில் போவது 32. இன்னும் மிச்சம் பிடிக்கிறேன் என்று 60 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் ஆக்கினால் தலைப்புச் செலவு மூன்றில் ஒன்றாகக் குறையும், ஆனால் உங்கள் 150இல் கூடுதலாக 40 போய்விடும், ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு எழுத்தே காணாமல் போகும். 20இலேயே இருங்கள்.

இரண்டாவது கோளாறு, தாமதம் கூடிக்கொண்டே போவது. இதில் டிசிபிக்குப் பங்கு உண்டு, ஆனால் யூடிபிக்கு மாறியபிறகும் இது மெதுவாகத் தொடரும், அப்போதுதான் பலர் குழம்பிப்போகிறார்கள். இரண்டு போன்களும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பதாகச் சொல்லிக்கொள்கின்றன, ஆனால் இரண்டுக்குள்ளும் இருப்பது வேறு வேறு படிகக் கடிகாரம். இரண்டுக்கும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.36 விநாடி சேர்ந்துவிடும். அனுப்புகிறவர் கடிகாரம் வேகம் என்றால் உங்கள் பஃபரில் (வந்த ஒலி காத்திருக்கும் தற்காலிக இடம்) ஒலி தேங்கிக்கொண்டே போகும், அவர் மெதுவென்றால் பஃபர் அடிக்கடி காலியாகி டப் டப் என்று வெட்டும். நம் ஊரில் பினாங்குக்குப் பேசினால் கல்யாணப் பேச்சு, கோயில் புள்ளிக்கணக்கு, உடம்பு விசாரிப்பு என்று ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும், அதனால் ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதற்கெல்லாம் மருந்து ஜிட்டர் பஃபர். ஒரே சீராகக் கிளம்பிய பாக்கெட்டுகள் தாறுமாறான இடைவெளியில் வந்து சேரும், அவற்றைக் கொஞ்ச நேரம் தேக்கி வரிசைப்படுத்தி மறுபடி சீராக ஸ்பீக்கருக்கு விடுகிற இடம் அது. எவ்வளவு தேக்குவது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அதிகம் தேக்கினால் வெட்டு இருக்காது, தாமதம் ஏறும். குறைத்தால் தாமதம் இறங்கும், தாமதமாக வந்த பாக்கெட்டையெல்லாம் தூக்கிப்போட நேரும். நிலையான அளவு வைப்பது எந்த ஊருக்கும் ஒத்துவராது. நல்ல பஃபர் கடந்த சில விநாடிகளில் பாக்கெட்டுகள் எப்படி வந்தன என்று பார்த்துத் தன் அளவை மாற்றிக்கொள்ளும், அளவைக் குறைக்க வேண்டும் என்றால் பேச்சைத் தொடாமல் மௌன இடைவெளியைக் கத்தரிக்கும், தேவைப்பட்டால் குரலின் சுருதி மாறாமல் கொஞ்சம் வேகமாக ஓட்டும். கூகுள் திறந்துவிட்ட பேச்சு நிரல்தொகுப்பான வெப்ஆர்டிசிக்குள் இருக்கும் நெட்ஈக்யூ என்ற பஃபர் இதைத்தான் செய்கிறது, அது பல வருடம் பலர் உழைத்த கோடு. நீங்கள் கற்றுக்கொள்ள ஒரு எளிய பஃபரைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள், ஆனால் அப்பத்தா கையில் கொடுக்கும் ஆப்பில் அதைப் போடாதீர்கள்.

இனி அந்த 150 எங்கே போகிறது என்று பார்ப்போம். பினாங்கு தூரம் என்பதால்தான் இப்படி என்று நினைக்கிறீர்கள் இல்லையா? கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர், அதாவது 16 மில்லிசெகண்ட். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இரண்டு மூன்று, சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவே. வழியில் ரௌட்டர்கள், சுற்றுப்பாதைகள் என்று இரட்டிப்பாக வைத்தாலும் கடல் உங்களிடம் எடுப்பது 40 மில்லிசெகண்டுதான். மீதியைத் தின்பது முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரைக்கும் உள்ள தூரம்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஃபைபர் வந்து இறங்கி ரௌட்டர் இருப்பது பெரும்பாலும் முகப்புப் பக்கம். அப்பத்தா உட்கார்ந்திருப்பது உள்ளே, வளவிலோ (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) அடுப்படிப் பக்கமோ. நடுவில் சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த செங்கல் சுவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று. வைஃபையில் ஒரு பாக்கெட் போய்ச் சேராவிட்டால் அது தனக்குள்ளேயே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், அதனால் உங்கள் ஆப்புக்கு அது இழப்பாகத் தெரியாது, 80 மில்லிசெகண்ட், 120 மில்லிசெகண்ட் என்று திடீர் திடீரென்று தாமதமாகத் தெரியும். அதே நேரத்தில் வீட்டுக்கு வந்த பையன் யாராவது வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தால் ரௌட்டரின் வரிசை நிரம்பி உங்கள் குரல் பின்னால் நிற்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் டவர் அலை வர வேண்டும். வைஃபை பரப்பும் ஒரு கூடுதல் ஆக்சஸ் பாயின்டை ஈதர்நெட் வயர் இழுத்து வளவுப் பக்கம் வைத்துக் கொடுத்தால், நீங்கள் ஒரு மாதம் கோடு எழுதிச் சரிசெய்வதைவிட அதிகம் சரியாகும். மென்பொருள்காரர்கள் இதைத் தங்கள் வேலை இல்லை என்று நினைப்பது எனக்கு உடன்பாடில்லை, பேசுகிறவர்களுக்கு வேண்டியது பேச்சு.

கரண்ட் போனால் ரௌட்டர் அணைந்து போன் டேட்டாவுக்கு மாறும், ஐபி முகவரி மாறிவிடும், பேச்சு நடுவில் அறுந்துபோகும். ஐஸ் ரீஸ்டார்ட், அதாவது புதிய முகவரியில் இணைப்புப் பாதையை மறுபடி தேடுவது, இதைச் சரியாகக் கையாண்டால் இரண்டு மூன்று விநாடியில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இதை முதல் பதிப்பிலேயே செய்யுங்கள்.

மூன்றாவது கோளாறு எதிரொலி. ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம்: சித்தப்பாவுக்கு அவர் குரல் திரும்பக் கேட்டால் கோளாறு தேவகோட்டையில் இருக்கிறது. அவர் குரல் அப்பத்தாவின் ஸ்பீக்கரில் வந்து, அதே போனின் மைக்கில் ஏறித் திரும்பிப் போகிறது. அப்பத்தா ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவார், அதை மாற்றச் சொல்லாதீர்கள். எதிரொலி நீக்கி செய்வது என்னவென்றால், ஸ்பீக்கருக்குப் போனது என்ன என்பது அதற்குத் தெரியும், அது அறையில் மோதி மைக்குக்கு எப்படித் திரும்பி வரும் என்று போகப் போகக் கற்றுக்கொண்டு, மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழிக்கும்.

இதில் அறை முக்கியம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர், உயர்ந்த மேற்கூரை, மெத்தை திரைச்சீலை என்று ஒலியை உறிஞ்ச ஒன்றும் கிடையாது. கை தட்டினால் ஒலி நின்று அடங்குவதைக் காதாலேயே கேட்கலாம். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் கொஞ்சம் மேலே போய்விடும், மழைக்காக ஷீட் போட்டு மூடிய வீடுகளில் அதுவும் இல்லை. ஸ்பீக்ஸ் என்ற பேச்சு ஒலி நிரல் நூலகத்தின் கையேடு ஒரு எளிய வழி சொல்கிறது: எதிரொலி நீக்கியின் வால்நீளம் (எவ்வளவு நேரம் வரை திரும்பி வரும் ஒலியை அது கழிக்கும் என்பது) அந்த அறையின் முழக்கம் அடங்கும் நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். சின்ன அறைக்கு முழக்கம் 300 மில்லிசெகண்ட், வால் 100 போதும் என்பது அதிலுள்ள உதாரணம். உங்கள் ஹாஸ்டல் அறைக்கு அது பொருந்தும், வளவுக்குப் பொருந்தாது. போனை வளவில் வைத்து ஒரு பலமான கைதட்டலைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஒலி 60 டெசிபல் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். இரைச்சலில் 60 வரை தெரியாது, 20 டெசிபல் இறங்கும் நேரத்தை எடுத்து மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். நீங்கள் ஸ்பீக்ஸை நேரடியாகப் பயன்படுத்தினால் இந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. வெப்ஆர்டிசியின் நீக்கி தானே சமாளித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு உங்கள் ஆப் ஒழுங்காக உதவ வேண்டும், ஆண்ட்ராய்டில் மைக்கை சாதாரணப் பதிவு மூலத்தில் திறக்காமல் குரல் உரையாடலுக்கான மூலத்தில் திறக்க வேண்டும், ஆடியோ மோடையும் உரையாடலுக்கு மாற்ற வேண்டும். போனுக்குள் இருக்கும் வன்பொருள் நீக்கியும் மென்பொருள் நீக்கியும் ஒரே நேரத்தில் ஓடினால் சில போன்களில் குரல் முழுங்கி முழுங்கி வரும், ஏதாவது ஒன்றை அணைத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவையும் நீங்களே எழுத வேண்டுமா? வேண்டாம். கூகுள் 2010இல் குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, அடுத்த வருடமே அந்தத் தொழில்நுட்பத்தை வெப்ஆர்டிசி என்ற பெயரில் எல்லாருக்கும் திறந்துவிட்டது. பஃபர், எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, மறையாக்கம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார் என்று சொல்லும் சமிக்ஞைப் பகுதிக்கு மட்டும் ஒரு சின்ன வெப்சாக்கெட் சர்வர் போதும். அழைப்புகளை இணைக்கும் சிப் நெறிமுறை, ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் எல்லாம் அலுவலக இன்டர்காம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு நல்லவை, ஒரு குடும்ப ஆப்புக்கு அந்தப் பாரம் தேவையில்லை.

ஒன்றைச் சேர்க்காமல் விட்டால் பினாங்கு அழைப்பு பாதி நாள் இணையவே இணையாது: இரண்டு போனுக்கும் நடுவில் நின்று ஒலியைக் கைமாற்றும் டர்ன் சர்வர். இங்கே மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அதனால் இரண்டு போன்கள் நேரடியாக ஒன்றையொன்று எட்ட முடியாமல் போகும். ஸ்டன் என்ற சர்வர் மூலம் போன் தன் வெளி முகவரியைத் தெரிந்துகொண்டு முயலலாம், முடியாதபோது நடுவில் ஒரு சர்வர் ஒரு பக்கத்து ஒலியை வாங்கி மறுபக்கம் கொடுக்க வேண்டும். கோடர்ன் என்ற இலவச மென்பொருளை ஒரு சின்ன மேகக் கணினியில் போட்டால் ஆயிற்று. மும்பையிலோ சிங்கப்பூரிலோ எடுங்கள், விலை மலிவு என்று அமெரிக்காவில் எடுத்தால் உங்கள் 150 அங்கேயே தீர்ந்துவிடும். செலவுக்குப் பயப்பட வேண்டாம், குரலை 32 கிலோபிட்டுக்கு உயர்த்தினாலும், 16 கிலோபிட் தலைப்பும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் ஏறக்குறைய 22 மெகாபைட்தான்.

அப்புறம் மணி அடிப்பது. எல்லாரும் ஒலியில் கவனம் வைத்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள், ஆனால் போன் அடிக்கவே இல்லை என்பதைவிடப் பெரிய குறை பேச்சு ஆப்புக்குக் கிடையாது. ஆண்ட்ராய்டு 6இலிருந்து போன் சும்மா கிடக்கும்போது ஆப்பைத் தூங்க வைத்துவிடும், உங்கள் வெப்சாக்கெட் அறுந்துபோயிருக்கும். அவசர முன்னுரிமையுள்ள புஷ் அறிவிப்பு அனுப்பித்தான் எழுப்ப வேண்டும், முழுத்திரை அழைப்புக்கான அனுமதியை ஆண்ட்ராய்டு 14 அழைப்பு ஆப்புக்கும் அலாரத்துக்கும் என்று சுருக்கிவிட்டது, அதைச் சரிபாருங்கள். சித்தப்பா கையில் ஐபோன் என்றால், ஐஓஎஸ் 13இலிருந்து அழைப்பு புஷ் வந்தவுடன் கால்கிட் என்ற ஆப்பிள் வசதி மூலம் மணி அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிஸ்டமே ஆப்பை நிறுத்திவிடும். சில போன் தயாரிப்பாளர்கள் பேட்டரி மிச்சம் என்று பின்னணி ஆப்பைக் கொன்றுவிடுகிறார்கள், அந்த அமைப்பை நீங்களே போய் அப்பத்தா போனில் மாற்றி வையுங்கள், அவரைச் செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதி அனுப்புவதில் பயனில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவதில் சிக்கல் இல்லை. நாளைக்கு யாராவது இதிலிருந்து சாதாரண டெலிபோன் எண்ணுக்கும் போட முடியுமா என்று கேட்பார்கள், அது உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். சிம் பாக்ஸ் (பல சிம்களைச் செருகும் பெட்டி) வாங்கி வைத்து வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக இறக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அது குற்றம், பக்கத்திலேயே போகாதீர்கள்.

கோடெக்குக்கு வருகிறேன். ஓப்பஸ். 2012இல் ஆர்எஃப்சி 6716 ஆக வந்தது, ஸ்கைப்பின் சில்க்கும் ஜிஃப் அமைப்பின் செல்ட்டும் சேர்ந்த கலவை, 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை போகும், உரிமத் தொகை கிடையாது. பழைய டெலிபோன் ஒலி 300இலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான், ஓப்பஸில் அதற்கு மேலும் வருவதால் காது மந்தமானவர்களுக்கும் மெய்யெழுத்து பிரிந்து கேட்கும். இரண்டு அமைப்பை மட்டும் கவனியுங்கள். உள்ளிணைந்த பிழைதிருத்தம் என்று ஒன்று உண்டு, அதை இயக்கினால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டின் மங்கலான நகல் கூட வரும். ஆனால் எத்தனை சதவீதம் இழப்பை எதிர்பார்க்கலாம் என்று ஒலியைச் சுருக்கும் என்கோடருக்கு நீங்கள் சொன்னால்தான் அது வேலை செய்யும், பலர் ஒன்றை இயக்கிவிட்டு மற்றொன்றைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 2024இல் வந்த ஓப்பஸ் 1.5இல் இன்னும் நீளமான இழப்பையும் தாங்கும் ஆழ்மீள்பிரதி வசதி இருக்கிறது, அது இரண்டாம் கட்ட வேலை, இப்போது வேண்டாம்.

சோதனையை ஹாஸ்டல் வைஃபையில் செய்யாதீர்கள். லினக்ஸில் நெட்எம் என்ற கருவி இருக்கிறது, 40 மில்லிசெகண்ட் தாமதம், அதில் 30 ஏற்ற இறக்கம், 5 சதவீதம் இழப்பு என்று கொடுத்தால் உங்கள் மேசையிலேயே வளவைக் கொண்டுவந்துவிடலாம், அதில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். அதோடு ஒவ்வொரு அழைப்பிலும் போய்வரும் நேரம், இழப்பு, ஏற்ற இறக்கம், பஃபரில் தேங்கிய அளவு நான்கையும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதி வையுங்கள், வெப்ஆர்டிசியில் இந்த எண்கள் கேட்டால் கிடைக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பத்தா வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே சித்தப்பாவுக்குப் போடுங்கள், ஒருமுறை வைஃபையில், ஒருமுறை டேட்டாவில், மாலையில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. அந்தக் கோப்பையும் கைதட்டல் பதிவையும் இங்கே போடுங்கள், எங்கே எவ்வளவு மில்லிசெகண்ட் போகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.